எஃப்பிஎஸ் 70 காட்டுது, அப்புறம் ஏன் திக்குது? – வீடியோ கேம் கேள்வி பதில்

ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், 16 ஜிபி ரேம். புதுக் கேம்களில் திரை ஓரத்தில் எஃப்பிஎஸ் 70 என்றுதான் காட்டுகிறது. ஆனால் புது இடத்துக்குள் நுழைந்தாலோ புது எதிரி வந்தாலோ படம் திக்கித் திக்கி நிற்கிறது. கிராஃபிக்ஸை ‘லோ’வில் வைத்தும் போகவில்லை. லேப்டாப்பை மாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

மாற்ற வேண்டாம். எஃப்பிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், திரைக்கு வருகிறது என்பதன் சராசரி. உங்கள் கண்ணை உறுத்துவது, ஒவ்வொரு ஃப்ரேமும் வர எடுத்துக்கொள்ளும் நேரம். ஒரு நொடியில் 69 ஃப்ரேம்கள் 800 மில்லி நொடிக்குள் சீராக ஓடிவந்து, எழுபதாவது மட்டும் 200 மில்லி நொடி எடுத்தாலும் சராசரி 70தான். ஆனால் அந்த ஒன்று போதும், ஆட்டம் கெட. எனவே முதலில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற அளக்கும் மென்பொருளும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போட்டு, ‘ஃப்ரேம்டைம்’ வரைபடத்தைத் திரையில் ஓடவிடுங்கள். ஈட்டி போல் மேலே குத்தும் இடங்கள்தான் நமக்கு வேண்டியவை.

அடுத்து, திக்கிய அதே இடத்துக்குத் திரும்பப் போய்ப் பாருங்கள். இரண்டாம் முறை சீராக ஓடினால் குற்றவாளி ஷேடர். ஒளி, நிழல், புகை எல்லாவற்றையும் வரையும் சிறு நிரல்களான ஷேடர்களை, உங்கள் கார்டுக்கும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கும் ஏற்ற மொழியில் மாற்றித் தொகுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 எல்லாம் ஒரே வன்பொருள் என்பதால் அந்த வேலையை ஸ்டுடியோவிலேயே முடித்து அனுப்பிவிடலாம். பிசியில் ஆளுக்கொரு கார்டு. தொகுப்பது உங்கள் இயந்திரத்தின் பொறுப்பு. ஒழுங்கான கேம் இதை ஆரம்பத்திலேயே செய்து முடிக்கும். சோம்பேறிக் கேம், எதிரி கண்ணெதிரே வந்த பிறகுதான் தொகுக்க ஆரம்பிக்கும். பந்தியில் ஆட்களை உட்காரவைத்துவிட்டுத் தேங்காய் துருவுவது மாதிரி. இது பெரும்பாலும் மையச் செயலியான சிபியூவின் வேலை, கிராஃபிக்ஸ் கார்டின் வேலை அல்ல. ரெசல்யூஷனையும் நிழலையும் குறைத்துப் பயனில்லாமல் போனது அதனால்தான்.

‘ஷேடர் கம்பைலிங்’ என்று தொடக்கத்தில் வந்தால் தவிர்க்காமல் 100 சதவீதம் முடியும்வரை விடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘மேனேஜ் 3டி செட்டிங்ஸ்’ போய் ‘ஷேடர் கேஷ் சைஸ்’ என்பதை 10 ஜிபி ஆக்குங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்ததெல்லாம் செல்லாது, மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே பாதி ஆட்டத்தில் இருக்கும்போது டிரைவரைத் தொடாதீர்கள்.

எத்தனை முறை போனாலும் அதே வாசலில் அதே இடத்தில் திக்கினால் அது வேறு வியாதி. அடுத்த பகுதியின் பொருட்களை உள்ளே இழுத்துவரும் வேலையை, கேமை ஓட்டும் அடிப்படை நிரலான எஞ்சின் ஒழுங்காகப் பிரித்துச் செய்யவில்லை. வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் இது முழுதாகப் போகாது. இதைத் திருத்தும் பேட்ச் வரும்வரை எஃப்பிஎஸ் 60ஐத் தாண்டாமல் கட்டிவைத்து ஆடலாம், குத்தலின் உயரம் கொஞ்சம் குறையும். திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை புதுப்பிப்பது என்றால் 40இல் கட்டுவதும் நல்ல வழி. 40 எஃப்பிஎஸ்ஸின் 25 மில்லி நொடி, 30க்கும் 60க்கும் சரியாக நடுவில் நிற்கிறது. 120ஐ 40 மீதியில்லாமல் வகுப்பதால் படமும் தடுமாறாது.

மூன்றாவது வகை: முதல் அரை மணி நேரம் சொகுசாக ஓடிப் பிறகு மோசமாவது. 4060 கார்டின் சொந்த நினைவகமான 8 ஜிபி விரேம் நிரம்பியிருக்க வாய்ப்பு அதிகம். பொருட்களின் மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்கள். விரேமில் இடம் இருக்கும்வரை டெக்ஸ்சர் தரம் எஃப்பிஎஸ்ஸை அநேகமாகப் பாதிக்காது. இடம் தீர்ந்த நொடியில் எல்லாவற்றையும் கெடுக்கும். 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுக்காரர்கள் பட்டதை மறக்க முடியாது.

ஒன்று விட்டுப்போச்சு. டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பக்கத்தைத் திறந்து ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்பதைப் பாருங்கள். ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் 16 ஜிபியும் ஒரே குச்சியில் வந்திருக்கிறது. இரண்டாவது குச்சி போட்டு இரட்டைத் தடமாக்கினால் இந்தத் திக்கல்கள் ஓரளவு குறையலாம். லேப்டாப் விற்கும் கடைகளில் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

புதுக் கார்டுகளில் ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் 30 எஃப்பிஎஸ் 60 ஆகிறது, 120கூட ஆகிறது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சேலம்

எண் உண்மை, வேகம் பொய். இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனை செய்து செருக வேண்டுமானால், இரண்டாவது நிஜ ஃப்ரேம் தயாரான பிறகும் அதைக் காட்டாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். ஆக நீங்கள் பொத்தானை அழுத்தியதன் பலன் முன்பைவிடத் தாமதமாகத்தான் திரைக்கு வரும். அடிப்படை 30 என்றால் ஒரு ஃப்ரேமே 33 மில்லி நொடி. படம் வழுக்கிக்கொண்டு ஓடும், கை மட்டும் சேற்றில் மாட்டியிருக்கும்.

அடிப்படையில் 60 வந்துகொண்டிருக்கிறது, திரை 120 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ என்றால் தாராளமாகப் போடுங்கள், நன்றாகவே இருக்கும். போட்டி போட்டுச் சுடும் ஆட்டங்களில் வேண்டவே வேண்டாம். இது விரேமையும் கொஞ்சம் தின்னும், அதனால் 8 ஜிபி கார்டில் சில கேம்களில் போட்டதும் நிலைமை மோசமாவதும் உண்டு.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங்கை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 4கே திரையில் ‘குவாலிட்டி’ வைத்தால் உள்ளே 1440பி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ வைத்தால் 1080பி வரைந்து பெரிதாக்குகிறது. அதில் கிடைக்கும் வேகம் கைக்கும் தெரியும். என் கோபம் கருவிமேல் இல்லை, அதை ஊன்றுகோலாக்கியவர்கள்மேல். ‘மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்’ பரிந்துரைத்த கணினி அளவுகளில் 1080பி, 60 எஃப்பிஎஸ் என்ற இலக்கே ஃப்ரேம் ஜெனரேஷனோடுதான் என்று எழுதியிருந்தது. 2025 ஜனவரியில் 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலர் 4090க்குச் சமம் என்று என்விடியா மேடையில் சொன்னதும் இந்தச் செருகிய ஃப்ரேம்களையும் எண்ணித்தான். கார்டு வாங்குமுன் ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாத அளவுகளைத் தரும் விமர்சனத்தை மட்டும் நம்புங்கள்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. போனில் ஓர் அனிமே கேமில் பாத்திரம் ‘இழுக்க’ அடிக்கடி பணம் கேட்கிறான். “இன்னும் பத்து இழுத்தால் வந்துடும்மா” என்கிறான். இது சூதாட்டம் இல்லையா?
– ஒரு தாய், மதுரை

காசு கட்டிக் குலுக்கலில் பாத்திரம் எடுக்கும் இந்த ‘இழுப்பு’, வடிவத்தில் சூதாட்டமேதான் அம்மா. ஆனால் ஜெயித்தால் பணமாக வெளியே எடுக்க முடியாது என்பதால் பல நாட்டுச் சட்டங்களில் அந்தப் பெயருக்குள் வராமல் தப்புகிறது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமோ 2018இல், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்கள் சூதாட்டமே என்று முடிவு கட்டியது. நம் நாட்டில் 2025இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைக் குறிவைத்தது. இவை அதன் வாயில் விழவில்லை.

மகனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள், திட்டுவதைவிட அது வேலை செய்யும். விகிதங்கள் வெளிப்படையாக இருப்பதால் ‘கென்ஷின் இம்பாக்ட்’டை எடுத்துக்கொள்வோம். ஐந்து நட்சத்திரப் பாத்திரம் வர ஓர் இழுப்புக்கு 0.6 சதவீத வாய்ப்பு. “இன்னும் பத்து” இழுத்தால் ஏதாவது ஓர் ஐந்து நட்சத்திரம் கிடைக்கும் வாய்ப்பு 6 சதவீதத்துக்கும் கீழே. அதுவும் அவன் கேட்ட பாத்திரமாக இருக்குமா என்பது ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 90ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் நிச்சயம். அது வேறு பாத்திரமாகிவிட்டால் அடுத்த 90க்குள் கேட்டது நிச்சயம். மிக மோசமான நிலையில் 180 இழுப்பு. கேமுக்குள் செல்லும் நாணயம் ‘கல்’; இழுப்பு ஒன்றுக்கு 160 கல் வீதம் 28,800 கல். கடையில் இருக்கும் பெரிய பொட்டலம் சுமார் 100 டாலர்; முதல் முறை வாங்கும் சலுகையை விட்டால் அதில் 8,080 கல். நான்கு பொட்டலம் வேண்டும், இந்திய மதிப்பில் 30,000 ரூபாயைத் தாண்டும். ஒரே ஒரு பாத்திரத்துக்கு.

ரூபாயைக் கிரிஸ்டலாக்கி, கிரிஸ்டலை இன்னொரு கல்லாக்கி, கல்லை இழுப்பாக்கி வைத்திருப்பது கணக்குப் புரியக்கூடாது என்பதற்காகவே. அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி இந்தக் கேமின் நிறுவனத்தின்மேல் வைத்த குற்றச்சாட்டில் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் கட்டவும், 16 வயதுக்குக் கீழுள்ளோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்காதிருக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

போனில் செய்ய வேண்டியது: பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஃபேமிலி லிங்க் போட்டால் வாங்கும் கோரிக்கை உங்கள் போனுக்கு வரும். யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பட்டியலைத் திறந்து பாருங்கள். மாதச் சந்தா ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரியாமல் வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகிளிடமே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அதற்குப் பிறகு கேம் நிறுவனத்தின் தயவு.

150 ஜிபி கேம்! 512 ஜிபி எஸ்எஸ்டியில் மூன்றுகூட அடங்கவில்லை. இவ்வளவு எதற்கு?
– வாசகர், ஈரோடு

பாதி நியாயம், பாதி அலட்சியம். 4கே டெக்ஸ்சர்களும் பல மொழிக் குரல்களும் நியாயமான பாதி. மற்ற பாதிக்கு ‘ஹெல்டைவர்ஸ் 2’ நல்ல உதாரணம். பழைய ஹார்ட் டிஸ்கில் ஊசி அங்குமிங்கும் ஓடாமலிருக்க, ஒரே பொருளைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். பிசியில் சுமார் 154 ஜிபி. கடைசியில் அளந்து பார்த்தால், லோடிங் நேரத்தைத் தீர்மானித்தது கோப்பு படிக்கும் வேகம் அல்ல, களத்தை உருவாக்கும் கணக்கீடு. நகல்களை நீக்கியதும் 2025 டிசம்பரில் சுமார் 23 ஜிபிக்கு இறங்கியது.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில், கேமின் கூடுதல் இணைப்புகளான ‘டிஎல்சி’ பட்டியலில் உயர்தர டெக்ஸ்சர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 1080பி திரைக்கு அது தேவையில்லை, டிக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, 2 ஜிபி அப்டேட்டுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். பெரிய பொதிக் கோப்பில் சிறு துண்டு மாறினாலும் முழுக் கோப்பையும் டிஸ்கில் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு இடம் வேண்டும், எனவே எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கிய கேமை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

முடியும், எடுத்தும் இருக்கிறார்கள். யூபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014இல் வந்த கார் ஓட்டும் கேம். தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் சர்வரை மூடினார்கள். டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் ஆட வழியில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. எல்லாக் காலத்துக்கும் சர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. கடையைக் கட்டும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். எனக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் படுகிறது. ‘கான்கார்ட்’ 2024இல் வெளியான இரண்டே வாரத்தில் மூடப்பட்டபோது சோனி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பியது. பத்து வருடம் ஆன கேமுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

நீங்கள் வாங்குவது ஆடும் உரிமம் மட்டுமே. கலிஃபோர்னியாவில் 2025 முதல் இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்டீமும் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. ஸ்டீம் பக்கத்தில் ‘சிங்கிள் பிளேயர்’ என்று இருந்தால் இணையம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. வலப்பக்கத்தில் மூன்றாம் தரப்புக் கணக்கு, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டான டிஆர்எம் பற்றிய குறிப்புகளைப் படியுங்கள். ஜிஓஜி தளத்தில் வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கி வெளி டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கியவர்கள் அட்டையில் ‘கேம் கீ கார்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே கேம் கிடையாது, இறக்குவதற்கான சாவிதான்.

‘பேட்டில்ஃபீல்ட் 6’ செக்யூர் பூட் கேட்கிறது. பயாஸில் கைவைக்கப் பயமாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

செக்யூர் பூட் என்பது கணினி எழும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு; கேமின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் அதைக் கேட்கிறது. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில் அதை இயக்க வேண்டும். வரிசை மாறினால்தான் வம்பு. முதலில் விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி ‘எம்எஸ்இன்ஃபோ32’ திறந்து ‘பயாஸ் மோட்’ பாருங்கள். ‘யூஇஎஃப்ஐ’ என்றால் பாதி வேலை முடிந்தது. ‘லெகசி’ என்றால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது, அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, விண்டோஸுடனேயே வரும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ கருவியால் முதலில் ‘வேலிடேட்’, அது சரி என்றால் ‘கன்வர்ட்’. இதைச் செய்யாமல் பயாஸில் பழைய முறைக்கு இடம் தரும் ‘சிஎஸ்எம்’மை அணைத்தால் விண்டோஸ் எழாது. பதற வேண்டாம், சிஎஸ்எம்மை மறுபடி போட்டால் எழுந்துவிடும்.

பயாஸுக்குள் போகுமுன், டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டவர்கள்தான் நீலத் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு சிஎஸ்எம் அணைப்பு, செக்யூர் பூட் இயக்கம். ‘எனேபிள்டு’ ஆனால் ‘நாட் ஆக்டிவ்’ என்று காட்டினால் தொழிற்சாலைச் சாவிகளை மீட்டமைக்கும் தேர்வை அழுத்திச் சேமியுங்கள். பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 கேட்டால் இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டியில் ‘எஃப்டிபிஎம்’ என்பதை இயக்குங்கள். மிகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு யூஇஎஃப்ஐ தெரியாததாக இருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை இருண்டுவிடும். அங்கே இந்த முயற்சியை விட்டுவிடுங்கள்.

விண்டோஸின் ஆழத்தில் உட்காரும் இந்த ஏமாற்றுத் தடுப்புக் காவல் நிரலை ஒரு விளையாட்டுக்காக ஏற்பதா என்பது தனிக் கேள்வி. ஏமாற்றுக்காரர்கள் அந்த ஆழத்துக்குப் போனதால்தான் காவலும் போனது. ஆனாலும் வங்கி வேலை, அலுவலக வேலை நடக்கும் கணினியில் நான் அதைப் போடச் சொல்ல மாட்டேன்.

மகள் கேம் டெவலப்மென்ட் படிக்க ஆசைப்படுகிறாள். செய்தியில் எல்லாம் வேலைநீக்கமாக இருக்கிறதே?
– தந்தை, திருச்சி

செய்தி சரிதான். ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், 2024 ஜனவரியில் தன் கேம் பிரிவில் 1,900 பேரை அனுப்பியது. ‘ஹை-ஃபை ரஷ்’ என்ற பாராட்டுப் பெற்ற கேமைச் செய்த டேங்கோ ஸ்டுடியோவையும் அதே ஆண்டு மே மாதம் மூடுவதாக அறிவித்தது. பிறகு கொரிய நிறுவனமான கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டது. நல்ல கேம் செய்தால் வேலை நிலைக்கும் என்ற கணக்குப் பெரிய இடங்களில் பொய்த்துவிட்டது. ஆயிரம் பேர், ஐந்தாறு வருடம் என்று செலவு வீங்கும்போது, சுமாரான வெற்றிகூட நஷ்டமாகிவிடுகிறது.

சிறிய இடங்களில் கதை வேறு. பிரான்ஸில் சுமார் 30 பேர் கொண்ட மையக் குழு, வெளி உதவியோடு செய்த ‘கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’ பெரிய நிறுவனங்களைவிடக் குறைந்த விலையில், 50 டாலருக்கு வந்து 2025இன் சிறந்த கேம் விருதை வாங்கியது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்துச் செய்த ‘வெண்பா’ 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுகக் கேம் விருது பெற்றது. அதை முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

எனவே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோர்ஸுக்கு முன், கேம் செய்ய உதவும் இலவசமான கோடோ எஞ்சினில் பத்து நிமிடம் ஓடும் ஒரு கேமை முழுசாக முடித்துக் காட்டச் சொல்லுங்கள். மெனு, ஒலி அமைப்பு, சேமிப்பு எல்லாம் உட்பட. பாதியில் நிற்கும் பத்துக் கேம்களைவிட முடிந்த ஒன்றுக்கு நேர்காணலில் மதிப்பு. ஸ்டீமில் வெளியிட 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்ப வரும். விற்பனையில் 30 சதவீதம் ஸ்டீமுக்கு. பட்டம் கணினி அறிவியலாகவே இருக்கட்டும். சி++ தெரிந்தவருக்குக் கேம் வேலை கிடைக்காவிட்டாலும் வேறு வேலை உண்டு.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வரில் பிங் 20க்குக் கீழே கொண்டுவர ஏதாவது ஆப் உண்டா?
– வாசகர், சென்னை

இல்லை, வரவும் வராது. பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லி நொடியில். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லி நொடி, கேபிள் வளைவுகள் தனி. ஆப்புக்குச் செலவழிப்பதை விட்டு லேன் கேபிள் வாங்குங்கள். ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2’ ஆடுபவர் என்றால் அதைச் செய்த வால்வு நிறுவனத்துக்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு.

கேம் வெளிவருமுன்பே பணம் கட்டி ப்ரீ-ஆர்டர் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது, அப்புறம் என்ன அவசரம்? ‘சைபர்பங்க் 2077’ 2020 டிசம்பரில் வந்து ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து தூக்கப்பட்டது. அதை இன்று எல்லோரும் புகழும் நிலைக்குக் கொண்டுவந்த 2.0 பேட்ச் வந்தது 2023 செப்டம்பரில். மீறி வாங்கினால் ஸ்டீமில் வாங்குங்கள். 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பும். கேம் திறந்தபின் ஓடும் ஷேடர் தொகுப்பும் அந்த 2 மணி நேரத்தில் சேர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷனில் இறக்க ஆரம்பித்துவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது.